தூத்துக்குடி வெயிலும் ரெண்டு பழைய ஃபிலிம் கேமராவும்

ஃபிலிம் கேமரா பத்தி நெட்ல தேடினா கிடைக்கிற அறிவுரை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 400 ஸ்பீடு ஃபிலிம் போடு (இந்த நம்பர் கூடினா கம்மி வெளிச்சமே போதும்), ஒரு ஸ்டாப் கூடுதலா, அதாவது ரெண்டு மடங்கு, வெளிச்சம் குடு, பிளாக் அண்ட் வொயிட்டா இருந்தா வீட்லயே 20 டிகிரி தண்ணியில கழுவிக்கோ, கேமராவ அதோட லெதர் கேஸ்ல போட்டு பத்திரமா வை. சொல்றவங்க லண்டன்லயும் பெர்லின்லயும் உக்காந்திருக்காங்க, அவங்க ஊரு வானத்துக்கு அது சரியாத்தான் இருக்கும். இங்க மே மாசம் மத்தியானம் மொட்டைமாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணியில கை வச்சா சுடுது, 400 ஃபிலிம் போட்ட கேமராவ வெயில்ல தூக்கினா வெளிச்சம் அளக்குற மீட்டரோட முள்ளு மேல போய் ஒட்டிக்கிட்டு எறங்கவே மாட்டேங்குது, லெதர் கேஸ்ல வச்ச லென்ஸ்ல ஒரே மழைக்காலத்துல பூஞ்சை கட்டிருது. கொஞ்ச வருஷமா இந்தப் பக்கம் உப்பளம், செம்மணல் மேடான தேரிக்காடு, ஆத்தங்கரை, டீக்கடைனு ஃபிலிம்ல எடுத்துட்டு இருக்கேன், இந்த அறிவுரைல எது நம்ம ஊர்ல செல்லும் எது செல்லாதுன்னு ஒரு தடவ உக்காந்து எழுதிரலாம்னு ரொம்ப நாளா நெனப்பு.

கேமரா ரெண்டு. ஒண்ணு மாமாவோடது, கப்பல்ல வேலை பாத்தவர், சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். இன்னொண்ணு நானா செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பென்டாக்ஸ் கே1000. ரெண்டும் குணத்துல நேர் எதிர். யாஷிகாவுல அப்பெர்ச்சர, அதாவது லென்ஸ் ஓட்டையோட அளவ, மட்டும் நாம வைக்கணும், ஷட்டர் ஸ்பீட, அதாவது அந்த ஓட்டை வழியா ஃபிலிம்ல எவ்வளவு நேரம் வெளிச்சம் விழணும்ங்கிறத, அதுவே முடிவு பண்ணிக்கும், மேல ரெண்டு லைட் இருக்கு, வெளிச்சம் ஜாஸ்தியானா சிவப்பு, பத்தலன்னா மஞ்சள், அவ்வளவுதான் அதோட பேச்சு. கே1000ல எல்லாமே நம்ம கைதான், 1976ல இருந்து 1997 வரைக்கும் பெருசா மாத்தாம செஞ்சு வித்த கேமரா அது, உள்ள போடுற பட்டன் பேட்டரி மீட்டருக்கு மட்டும், பேட்டரி செத்தாலும் ஷட்டர் பாட்டுக்கு ஓடும். இதுல ஆஃப் பட்டன் கிடையாது, லென்ஸ் மூடிய போட்டாத்தான் மீட்டர் தூங்கும், மூடி இல்லாம மேசையில வச்சா பேட்டரி காலி.

யாஷிகா கதை கொஞ்சம் சிக்கல். அதுக்கு வேண்டிய 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரிய உலகத்துலயே இப்ப யாரும் செய்றதில்ல. 4எல்ஆர்44னு நாய் காலர்ல எல்லாம் போடுற 6 வோல்ட் பேட்டரி ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு மிச்ச இடத்துக்கு ஒரு ஸ்பிரிங்கோ அலுமினியம் ஃபாயில் உருண்டையோ வச்சா ஓடிரும், அந்த புள்ளி நாலு வோல்ட் வித்தியாசத்தால எக்ஸ்போஷர்ல, அதாவது ஃபிலிம்ல விழுற வெளிச்சத்தோட அளவுல, ஒண்ணும் கெடல. பேட்டரியே இல்லன்னா எல்லா படமும் 1/500 செகண்ட்ல தான் விழும். நம்ம வெயிலுக்கு அதுவும் போதும்ங்கிறது வேற விஷயம், அதுக்குத்தான் வாரேன்.

சன்னி 16 கேள்விப்பட்டிருப்பீங்க. நல்ல வெயில்ல அப்பெர்ச்சர் எஃப் 16 (எஃப் நம்பர் கூடினா ஓட்டை சின்னது), ஷட்டர் ஸ்பீடு ஃபிலிமோட ஸ்பீடு என்னவோ அதுல ஒரு பங்கு. 100 ஃபிலிம்னா 1/125, 200னா 1/250, 400னா 1/500. இப்ப யோசிச்சுப் பாருங்க, யாஷிகாவுல மூடக்கூடிய கடைசி அப்பெர்ச்சரே எஃப் 16, ஷட்டரோட உச்சமும் 1/500. அப்ப 400 ஃபிலிம் போட்டுட்டு காலையில பத்து மணிக்கு தெருவுல எறங்கினா கேமரா ஏற்கனவே சுவத்துல முட்டி நிக்குது, சுத்தி வெள்ளை சுவரோ மணலோ இருந்துட்டா சிவப்பு லைட் அணையவே அணையாது. பின்னாடி மங்கலாக்கி முகத்தை மட்டும் தெளிவா எடுக்கணும்னு எஃப் 2ல தொறந்தா 100 ஃபிலிமுக்கே 1/8000 வேணும். பழைய கேமராவுல அது நடக்காது. அதனால பகல்ல எனக்கு 100 இல்லன்னா 200, அதுக்கு மேல கிடையாது. கலருக்கு கோடாக் கோல்டு 200, பிளாக் அண்ட் வொயிட்டுக்கு செக் நாட்டு ஃபோமாபான் 100. 400 ஃபிலிம் விடியக்காலைக்கும் சாயங்காலத்துக்கும் டீக்கடைக்கு உள்ளயும். "எதுக்கும் 400 போட்டுக்கோ, எல்லாத்துக்கும் ஆகும்"னு சொல்றது சூரியனையே வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்குற ஊர்க்காரங்க சொல்றது.

உப்பளத்துக்கு வரேன், ஏன்னா எக்ஸ்போஷர்னா என்னன்னு எனக்கு ஒழுங்கா புரிய வச்சது புத்தகம் இல்ல, உப்புதான். உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதுல பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டம். முள்ளக்காடு தாண்டி திருச்செந்தூர் ரோட்ல போனா ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா தண்ணி, ஓரத்துல வெள்ளை வெளேர்னு குவியல். கேமராவுல இருக்கிற மீட்டருக்கு இது உப்பா சாம்பலான்னு தெரியாது. முன்னாடி என்ன இருந்தாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம்னு நெனச்சுக்கிட்டு கணக்கு சொல்றதுதான் அதோட வேலை. உப்புக் குவியல் பக்கம் திருப்பினா "அய்யோ எவ்வளவு வெளிச்சம்"னு பயந்து ரெண்டு ஸ்டாப் மூடச் சொல்லும். அது சொன்னதக் கேட்டா உப்பு சிமெண்ட் கலர்ல வரும், பக்கத்துல நிக்கிற ஆள் கரிக்கட்டையா வருவார். அதனால கே1000ல மீட்டர் காட்டுறதுக்கு மேல ஒண்ணரை ஸ்டாப் தொறந்து விடுறேன், இல்லன்னா என் உள்ளங்கையை வெயில்ல நீட்டி அதுல மீட்டர் பாத்துட்டு ஒரு ஸ்டாப் தொறப்பேன், ரெண்டு வழியும் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருது. யாஷிகாவுல அப்படி கையால மாத்த முடியாது, அதுக்கு பொய் சொல்லணும். 200 ஃபிலிம் போட்டுட்டு டயல்ல 80னு வச்சா அது தானா ஒண்ணரை ஸ்டாப்க்கு கிட்ட கூட்டிக் குடுத்துரும். உப்பளத்த விட்டு வெளிய வந்ததும் டயல பழைய இடத்துக்கு திருப்பிரணும்.

இதுல "ஒரு ஸ்டாப் கூடுதலா குடு"ங்கிற அந்த வெளியூர் அறிவுரை மட்டும் நமக்கும் செல்லும், ஆனா காரணம் வேற. நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் ஜாஸ்தியானா தாங்கிக்கும், கம்மியானா தாங்காது, நிழல்ல ஒண்ணும் பதியலன்னா அப்புறம் ஸ்கேன்ல எவ்வளவு தூக்கினாலும் புழுதி மாதிரி தான் வரும். அவங்க கூட்டிக் குடுக்குறது கலர் வெளுத்து அழகா வரும்னு. நமக்கு அது ஆளோட முகம் தெரியணும்னு. மத்தியான வெயில் நேரா தலைக்கு மேல நிக்கும்போது கண்ணு ரெண்டும் குழிக்குள்ள இருட்டா கெடக்கும், தலையில துண்டு கட்டியிருந்தா அதோட நிழல் வேற, நம்ம தோல் நிறமும் கருப்பு, பின்னாடி உப்பு. உலகத்துலயே ஃபிலிமுக்கு கஷ்டமான காட்சி எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

அந்தக் காலத்துல லேப்ல கலர் சரி பாக்க கோடாக் அனுப்புற மாதிரிப் படத்துல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருக்கும், ஷெர்லி கார்டுனு பேரு, அந்தப் பொண்ணு முகம் சரியா வந்தா படம் சரின்னு அர்த்தம். கருப்பு தோல் எப்படி வருதுன்னு யாரும் கவலைப்படல. ஃபிலிம் பின்னாடி மாறிருச்சு, இப்ப வர்றதெல்லாம் எவ்வளவோ மேல், ஆனா லேப் ஸ்கேன்ல அந்த வாசனை இன்னும் போகல. உப்பளத்துல எடுத்த ரோல ஒரு லேப்புக்கு அனுப்பினேன், பேரு வேண்டாம், ஸ்கேன் பண்ணின மெஷின் தானா கரெக்ஷன் போட்டு எல்லார் முகத்தையும் ரெண்டு ஷேடு வெளுத்து அனுப்பிருச்சு, உப்புல இருந்த மேடு பள்ளம் எல்லாம் மாவாயிருச்சு. நெகட்டிவ் திரும்பி வந்ததும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா எல்லாம் அதுல அப்படியே இருக்கு. அதுக்கப்புறம் ரோலோட ஒரு சீட்டு எழுதி வச்சுருவேன், கலர் கரெக்ஷன் வேண்டாம், கான்ட்ராஸ்ட் கூட்ட வேண்டாம், நெகட்டிவ நறுக்கி கவர்ல போட்டு கண்டிப்பா திருப்பி அனுப்புங்கன்னு. நெகட்டிவ் திருப்பித் தராத லேப்புக்கு ரோல் அனுப்பாதீங்க. ஸ்கேன் ஒரு நகல்தான், நெகட்டிவ் தான் படம்.

உப்பளத்துல மத்தியானம் எடுத்தா அது உண்மையான படமே இல்லங்கிறதும் போகப் போகத்தான் தெரிஞ்சுச்சு. அங்க வேலை இருட்டுலயே ஆரம்பிச்சிருது. நாம டீ குடிச்சுட்டு சாவகாசமா போய் எறங்கும்போது அவங்க கிளம்பிட்டு இருப்பாங்க. நாமளே வெயில்ல நின்னா கண்ணு கூசுது, அவங்களுக்கு கீழ இருந்தும் அந்த வெளிச்சம் முகத்துல அடிக்குது, அந்த நேரத்துல யார் வேலை பாப்பா. அதனால ஆறு மணிக்கு போகணும். சூரியன் கடலுக்கு மேல ஒரு சாண் ஏறியிருக்கும், பாத்தித் தண்ணி ரோஸ் கலர்ல கெடக்கும், பலகைய வச்சு உப்ப இழுக்கும்போது தண்ணிக்கு அடியில இருந்து அது ஈரமா, கண்ணாடித் தூள் மாதிரி ஒரு சத்தத்தோட வரும். அந்த நேரத்துக்கு 400 ஃபிலிம் சரி, 1/125, எஃப் 5.6. முதல்ல மேஸ்திரிகிட்ட கேக்கணும், அப்புறம் எடுக்கப் போற ஆள்கிட்ட கேக்கணும், இது ரெண்டும் இல்லாம தூரத்துல நின்னு லென்ஸ நீட்டி எடுக்குற கூட்டத்தப் பாத்தாலே எனக்கு எரிச்சல். ஒரு அக்கா கேமராவ வாங்கி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு, "என்னண்ணே, படமே வரல, வெறும் தகரமால்லா இருக்கு"ன்னாங்க. கழுவணும்க்கா, பத்து பதினஞ்சு நாள் ஆகும்னேன். "அதுக்குள்ள நான் கருத்துருவேன்"னு சிரிச்சாங்க. மேக்சி சைஸ்ல பிரிண்ட் போட்டு கொண்டு போய் குடுத்தாச்சு. பிரிண்ட் குடுத்தா அடுத்த தடவ கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல, அவங்களே கூப்பிட்டு "இவளையும் எடுங்க"ம்பாங்க.

இன்னொரு இடம் தேரி. திருச்செந்தூர்ல இருந்து உள்ள போனா குதிரைமொழி தேரி, ரத்தச் சிவப்பா மணல் மேடு, அதுல பனை. மணல்ல இருக்கிற இரும்புச் சத்துதான் அந்த நிறம். முதல் தடவ பாக்குறவங்க எல்லாரும் கலர் ஃபிலிம் தான் போடணும்பாங்க. கோல்டு 200 அதுவே கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயுற ஃபிலிம், சாயங்காலம் அஞ்சரைக்கு எடுத்தா தேரி முழுக்க ஆரஞ்சு மிட்டாய் ஆயிரும். கோடாக்கோட இன்னொரு கலர் ஃபிலிம் எக்டார் 100 போட்டா சிவப்ப இன்னும் தூக்கிக் குடுக்கும், மண்ணு பிரமாதமா வரும், ஆனா நடுவுல ஆள் நின்னா முகமும் சிவந்துரும். காலையில எட்டு எட்டரைக்கு எடுத்தா மண்ணு நெசத்துல இருக்கிற நிறத்துல வருது, அதுக்கு கோல்டே போதும்.

ஆனா எனக்கு தேரிய பிளாக் அண்ட் வொயிட்ல எடுக்கத்தான் பிடிக்கும், அதுவும் சிவப்பு ஃபில்டர் போட்டு. சிவப்பு ஃபில்டர் சிவப்ப மட்டும் தாராளமா உள்ள விடும், நீலத்தையும் பச்சையையும் தடுத்துரும். விளைவு என்னன்னா அந்த செம்மண் முழுக்க வெள்ளையா, பனி விழுந்த மேடு கணக்கா வருது, வானம் கருகருன்னு ஆகுது, பனை ஓலை கருத்துருது. காஷ்மீரான்னு கேட்டாங்க ஒருத்தங்க, பனைமரத்த பாத்துட்டும். ஃபில்டர் மூணு ஸ்டாப் தின்னுரும், அதனால 100 ஃபிலிம்ல எஃப் 5.6, 1/125 கிட்ட வந்து நிக்கும், கையிலயே எடுக்கலாம். கே1000ல மீட்டர் லென்ஸ் வழியா பாக்குறதால ஃபில்டரோட சேத்தே ஓரளவு கணக்கு சொல்லிரும். யாஷிகாவுக்கு கண்ணு லென்ஸ்ல இல்ல, மேல வியூஃபைண்டர் பக்கத்துல தனியா இருக்கு, ஃபில்டர் போட்டது அதுக்கு தெரியவே தெரியாது, இங்கயும் டயல்ல பொய்தான், 100 ஃபிலிமுக்கு 12ன்னு வைக்கணும், அவ்வளவு கீழ டயல் எறங்காது, 25 தான் கடைசி. அதனால யாஷிகாவுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ தான் சரிப்படும். இன்னொண்ணு, இது எல்லாம் வானம் நீலமா இருக்கணும். ஏப்ரல் மே மாசத்துல நம்ம வானம் நீலமாவா இருக்கு, வெளுத்த வேட்டி மாதிரில்ல கெடக்குது, அப்ப என்ன ஃபில்டர் போட்டாலும் வானம் கருக்காது. மழை பெஞ்சு விட்ட அடுத்த நாள், ஐப்பசி கார்த்திகையில, அப்பத்தான்.

பங்குனி உத்திரத்துக்கு தேரி ஓரத்துல இருக்கிற சாஸ்தா கோயில்களுக்கு குடும்பம் குடும்பமா வேன் புடிச்சு வருவாங்க. பொங்கப் பானை, புகை, மரத்தடியில பாய் விரிச்சு தூங்குற பெரியவங்க, மணல்ல சறுக்குற பிள்ளைங்க. லேண்ட்ஸ்கேப்பா தினசரி வாழ்க்கையான்னு பிரிக்கவே முடியாது, பின்னாடி தேரி, முன்னாடி சுண்டல். இதுக்கு யாஷிகாதான். லென்ஸுக்குள்ளயே இருக்கிற லீஃப் ஷட்டர், சத்தமே கிடையாது, கே1000 மாதிரி ‘டமால்’னு கண்ணாடி எழும்பாது, எடுத்ததே பக்கத்துல இருக்கிறவங்களுக்கு தெரியாது. எஃப் 8ல வச்சு ஃபோகஸ மூணு மீட்டர்ல நிறுத்திட்டு நடந்துட்டே எடுத்தா ரெண்டு மீட்டர்ல இருந்து அஞ்சு மீட்டர் வரைக்கும் தெளிவா வந்துரும். திருநெல்வேலியில குறுக்குத்துறை படித்துறையிலயும் இதே வித்தைதான், ஆத்துக்குள்ளயே இருக்கிற முருகன் கோயில் மண்டபத்து நிழல்ல இருந்து வெளிய குளிக்கிறவங்கள எடுக்கும்போது மட்டும் நிழலுக்கு மீட்டர் பாக்குறதா வெயிலுக்கு பாக்குறதான்னு ஒரு முடிவுக்கு வரணும். நான் நிழலுக்குத்தான் பாப்பேன், தண்ணி எரிஞ்சு போனா போகட்டும்.

சரி, கழுவுறது. இங்கதான் பெரிய கூத்து. பிளாக் அண்ட் வொயிட் ஃபார்முலா எல்லாம் 20 டிகிரிக்கு எழுதினது. இல்ஃபோர்டு கம்பெனியோட எச்பி5 ஃபிலிம, படத்த வெளிய கொண்டு வர்ற ஐடி-11ங்கிற டெவலப்பர்ல ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து கழுவினா 20 டிகிரியில 13 நிமிஷம். நம்ம டேங்க் தண்ணி 32, 33. அந்த சூட்டுல ஊத்தினா நேரம் அஞ்சு நிமிஷத்துக்கும் கீழ போயிரும், ஊத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு பக்கம் ஜாஸ்தியா கழுவி திட்டுத் திட்டா வரும், ஃபிலிம் மேல இருக்கிற பூச்சும் இளகி நகம் பட்டாலே உரியும். 20க்கு இறக்குறதுக்கு ஐஸ் வாங்கிக் கொட்டிக்கிட்டு நிக்கிறது வீண் வேலை. நான் 24ல நிறுத்திருவேன், 9 நிமிஷம். ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணிய கலந்து 24க்கு கொண்டு வந்துட்டு, ஒரு வாளியில தண்ணி ஊத்தி ஐஸ் கட்டிய பாலிதீன் பையில கட்டி மிதக்க விட்டு, அதுக்குள்ள ஃபிலிம் போட்டு மூடுற கழுவுற டேங்க், டெவலப்பர், படத்த நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், கழுவுற தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா நிக்க வச்சுருவேன். டெவலப்பர் 24, கழுவுற தண்ணி 33ன்னு ஏத்த இறக்கம் இருந்தாலும் ஃபிலிம் சுருங்கி விரிஞ்சு மேல காஞ்ச கம்மா மாதிரி வெடிப்பு விடலாம், அதான் எல்லாம் ஒரே வாளி.

ஃபிலிம ஸ்பூல்ல ஏத்துறதுதான் இதுல ரொம்பப் பாடு. கருப்புப் பைக்குள்ள ரெண்டு கையையும் விட்டு, கண்ணால பாக்காம, பிளாஸ்டிக் ஸ்பூல்ல ஃபிலிம நெட்டிக்கிட்டே போகணும். ரெண்டு நிமிஷத்துல பைக்குள்ள கை வேர்த்துரும், அந்த ஈரம் பட்டா ஃபிலிம் பாதி வழியில ஒட்டிக்கிட்டு முன்னாலயும் போகாது பின்னாலயும் வராது. ஃபேன் போட்டாலும் பைக்குள்ள காத்து போகவா போகுது. விடியக்காலை அஞ்சு மணிக்கு ஏத்தி வச்சுட்டா பிரச்சனை இல்ல, கழுவுறத அப்புறம் எப்ப வேணா பாத்துக்கலாம், டேங்க் மூடி இருக்கிறவரைக்கும் வெளிச்சம் போகாது.

தண்ணிக் கஷ்டம் இருக்கிற ஊருக்கு, ஃபிக்ஸருக்கு அப்புறம் கெமிக்கல் போக ஃபிலிம அலச இல்ஃபோர்டு சொல்ற முறை ஒரு வரம். பைப்ப அரை மணி நேரம் தொறந்து விட வேண்டாம், டேங்க நிறைச்சு அஞ்சு தடவ கவுத்து ஊத்து, திரும்ப நிறைச்சு பத்து தடவ, திரும்ப நிறைச்சு இருபது தடவ, முடிஞ்சுது. ஒண்ணரை லிட்டருக்குள்ள வேலை ஓவர். கடைசி அலசலுக்கு மட்டும் எங்க ஊரு தண்ணி ஆகாது, உப்பு, காஞ்சதும் வெள்ளைத் திட்டு விழுந்துரும். அதுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கலாம், எந்த பேட்டரி கடையிலயும் கிடைக்கும்.

காமெடி என்னன்னா, வெளிநாட்ல எல்லாரும் கலர் கழுவுறது கஷ்டம் பிளாக் அண்ட் வொயிட் சுலபம்னு சொல்லுவாங்க, நமக்கு தலைகீழ். கலர் நெகட்டிவ் கழுவுற சி-41 முறைக்கு வேண்டிய சூடு 38 டிகிரி, டெவலப்பர்ல மூணே கால் நிமிஷம். அவங்க குளிர்ல இருந்து ஹீட்டர் வச்சு ஏத்தணும், நம்ம டேங்க் தண்ணி ஏற்கனவே முக்கால்வாசி வழி வந்துருச்சு, அரை சொம்பு வெந்நீர் ஊத்தினா ஆச்சு. நம்ம நாட்டு ஃபிலிம் ஃபேக்டரிய எங்க கொண்டு போய் வச்சாங்கன்னு பாத்தாலும் இந்த வெயில் சமாச்சாரம் புரியும். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல தொடங்கி 1967ல உற்பத்தி ஆரம்பிச்ச அரசாங்க கம்பெனி, இண்டுங்கிற பேர்ல பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டாங்க, இடம் ஊட்டி. குளிர்ச்சி, தூசி இல்லாத காத்து, சமவெளியில அது நடக்காது. எங்க தெரு ஸ்டுடியோ அண்ணாச்சி இண்டு பேப்பர்ல பாஸ்போர்ட் சைஸ் போட்டுக் குடுத்த காலத்த இன்னும் சொல்லுவார். டிஜிட்டல் வர்றதுக்கு முன்னாடியே அந்த கம்பெனி நொடிச்சுப் போச்சு, அப்புறம் மூடியாச்சு. இன்னைக்கு ஒவ்வொரு ரோலும் கப்பலேறி வர வேண்டியிருக்கு, அதான் இந்த விலை. கலர் ரோல் ஒண்ணு ஆயிரத்த ஒட்டி, கழுவி ஸ்கேன் பண்ண ஐநூறு அறுநூறு, கொரியர் தனி. கூட்டிக் கழிச்சா ஒரு கிளிக் நாப்பத்தஞ்சு ரூபா. ரெண்டு டீ ரெண்டு வடை.

சினிமா ஃபிலிம வெட்டி சின்ன டப்பாவுல சுத்தி விக்கிறவங்ககிட்ட கொஞ்சம் விலை கம்மியா கிடைக்கும். வாங்கலாம், ஆனா பழைய சினிமா ஃபிலிமுக்கு முதுகுல ஒரு கருப்புப் பூச்சு இருக்கும், அதை எடுக்காம சாதா லேப்ல குடுத்தா அவங்க கெமிக்கல் மொத்தமும் நாசம், அடுத்தவங்க ரோலும் நாசம். லேப்ல சொல்லிட்டுக் குடுங்க. 500Tனு போட்டிருந்தா அது பல்பு வெளிச்சத்துக்கு செஞ்சது, நம்ம வெயில்ல நீலம் பூத்து வரும்.

வாங்குறதப் பத்தி ரெண்டு வார்த்தை. நம்ம கடலோர ஊர்கள்ல பழைய கேமராவுக்கு முதல் எதிரி பூஞ்சை. லென்ஸ முழுசா தொறந்து வச்சு பின்னாடி இருந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா விலைய பாதியா பேசுங்க, இல்ல விட்டுருங்க. தூசி ரெண்டு மூணு புள்ளி இருந்தா ஒண்ணும் ஆகாது. பின்கதவுல இருக்கிற கருப்பு பஞ்சு இந்த சூட்டுக்கு உருகி தார் மாதிரி ஆகியிருக்கும், அது நூறு ரூபா சமாச்சாரம், ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுட்டு புதுசு ஒட்டிக்கலாம். யாஷிகா எலக்ட்ரோ வாங்கினா ஃபிலிம நகத்துற லீவர இழுக்கும்போது உள்ள ‘டொக்’னு ஒரு சத்தம் வரணும், வரலன்னா உள்ள இருக்கிற சின்ன ரப்பர் துண்டு கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம், எக்ஸ்போஷர் கண்ட மேனிக்கு வரும். அது கேமராவ முழுசா பிரிச்சுப் பண்ற வேலை, அதுக்கு ஆள் கிடைக்கிறது இப்ப லேசு இல்ல.

வாங்கின பிறகு அந்த லெதர் கேஸ ஷோகேஸ்ல வைங்க, கேமராவ அதுல வைக்காதீங்க, தோல் ஈரத்த புடிச்சு வச்சு பூஞ்சைக்கு சோறு போடும். ரப்பர் வச்ச காத்துப் புகாத சமையல் டப்பா ஒண்ணு, நீல சிலிக்கா ஜெல் கால் கிலோ, போதும். ஜெல் ரோஸ் ஆனா வாணலியில போட்டு சின்ன தீயில வறுத்தா திரும்ப நீலமாயிரும், அந்த வாணலிய சமையலுக்கு எடுக்காதீங்க. ஃபிலிம் எல்லாம் ஃப்ரிட்ஜ்ல, எங்க வீட்ல இட்லி மாவுக்கு மேல் தட்டு. எடுத்ததும் டப்பாவ உடனே தொறக்காதீங்க, ரெண்டு மணி நேரம் வெளிய கெடக்கட்டும், இல்லன்னா நம்ம காத்து ஈரத்துக்கு ஃபிலிம் மேலயே வேர்த்துரும். எடுத்து முடிச்ச ரோல பைக் டேங்க் பையில வச்சுட்டு வெயில்ல நிறுத்துறது, கார் டேஷ்போர்டுல போடுறது, ரெண்டும் கூடாது. ஏர்போர்ட்ல புது சிடி ஸ்கேனர் வச்சிருந்தா கையில குடுத்து தனியா பாக்கச் சொல்லிக் கேளுங்க, அது ஃபிலிம கெடுத்துரும், ஸ்பீடு கூடினது இன்னும் சீக்கிரம் கெடும்.

இதெல்லாம் படிச்சுட்டு இவ்வளவு எதுக்குன்னு தோணுச்சுன்னா முதல்ல வீட்டு பீரோவுல தேடுங்க, தொண்ணூறுகள்ல கல்யாணம் நடந்த வீட்ல யாஷிகா எம்எஃப்-2ஓ கோடாக் கேபி10ஓ எங்கயாவது கெடக்கும். ஃபோகஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஒரு ரோல் போட்டு வெயில்ல அழுத்தினா படம் வரும், அதுக்கு அப்புறம் செலவு பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம். இங்க உப்பு செப்டம்பர் வரைக்கும் ஓடும், அப்புறம் குவியல் மேல ஓலை போட்டு மூடிருவாங்க, அதுக்குள்ள யாஷிகாவுக்கு 55 எம்எம் ஆரஞ்சு ஃபில்டர் ஒண்ணு வேணும், கீறல் இல்லாம யார்கிட்டயாவது சும்மா கெடந்தா சொல்லுங்க, விலைக்கே எடுத்துக்கிடுதேன்.